ஒரே அணியா, புது அணியா? டோனி க்வின், ஃப்ரெடி ஃப்ரீமேன்

ஒப்பந்தம் முடிந்த பேஸ்பால் வீரர் இருப்பதா கிளம்புவதா என்று பேச்சு வந்தாலே எனக்கு இந்த இருவர்தான் நினைவுக்கு வருவார்கள்.

பணம்
க்வின்: வெளியே அதிகம் கிடைத்திருக்கும், குறைவாக வாங்கிக்கொண்டு சான் டியாகோ பாட்ரெஸ் அணியிலேயே இருந்தார்.
ஃப்ரீமேன்: 2022இல் அட்லாண்டா அணியை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார், 6 ஆண்டு, 16.2 கோடி டாலர்.

கோப்பை
க்வின்: 20 சீசன், 3,141 ஹிட், 8 பேட்டிங் பட்டம் (லீகில் அந்த ஆண்டின் மிக உயர்ந்த பேட்டிங் சராசரிக்கு). 1984, 1998 இரண்டு உலகத் தொடரிலும் (கோப்பைக்கான இறுதித் தொடர்) தோல்வி.
ஃப்ரீமேன்: 2021இல் அட்லாண்டாவுடன், 2024, 2025இல் டாட்ஜர்ஸுடன் வென்றார். அந்த 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், சரியாக ஆறாத கணுக்காலோடு, 10ஆவது இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம் (மூன்று தளத்திலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன், நான்கு ரன்) அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டு நேராக வலைக்குப் பின்னால் நின்ற அப்பாவிடம் ஓடினாரே, அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

கூட்டாளிகள்
இங்கேதான் பிரிவின் வலி தெரியும். 2022 ஜூனில் எதிரணி வீரராக அட்லாண்டா திரும்பிய ஃப்ரீமேன் செய்தியாளர்கள் முன் பேச முடியாமல் அழுதார், அப்புறம் பழைய தோழர்கள் முன்னிலையில் 2021 கோப்பை வென்றதற்கான மோதிரத்தை வாங்கிக்கொண்டார். க்வினுக்கோ கூட்டாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மட்டும் அங்கேயே இருந்தார்.

ஊர்ப் பாசம்
க்வின்: சான் டியாகோ அணியின் மைதானமான பெட்கோ பார்க்கில் சிலை.
ஃப்ரீமேன்: இரண்டு ஊரிலும் கைதட்டல்.

கோப்பைதான் முக்கியம், அதற்காகப் பிரிவைத் தாங்குவேன் என்பவருக்கு ஃப்ரீமேன் வழி சரி. ஒரு ஊரோடு தன் பெயர் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு க்வின் வழி, என் மனசு அந்தப் பக்கம்தான்.