‘பேக்கப்’ டிக்கெட் என்று பணம் கேட்கிறார்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கடலூர்ப் பக்கத்திலிருந்து பெரியவர்களைக் காசிக்கு அழைத்துப் போகத் திட்டமிடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். திருப்பாப்புலியூரில் ஒரு டிராவல்ஸ் கடையில் நான் ஏமாந்த கதை. கடைப் பெயர் வேண்டாம். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும்.

அப்பா, அம்மா, அத்தை, நான். நான்கு பேருக்கும் மூன்றடுக்கு ஏசி. சென்னையிலிருந்து நேராகக் காசிக்குப் போகும் கங்கா காவேரி ரயில் வாரத்தில் இரண்டு நாள்தான். அதில் வெயிட்டிங் லிஸ்ட் 31. “கவலைய விடுங்க சார், பேக்கப்புக்கு மறுநாள் சங்கமித்ரா ரயில்ல முகல்சராய் வரைக்கும் போட்டுடலாம். அங்கேருந்து காசிக்கு ஆட்டோவே போகும். கங்கா காவேரி கன்ஃபார்ம் ஆனா இதைக் கேன்சல் பண்ணிக்கலாம், பாதிப் பணம் வந்துடும்” என்றார் கடைக்காரர். யோசனையில் தப்பே இல்லை. இரண்டு ரயிலுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் சொச்சம், அதற்கு மேல் ‘பேக்கப் சார்ஜ்’ தலைக்கு 250. கொடுத்தேன்.

வாட்ஸ்அப்பில் டிக்கெட் படம் வந்தது. சங்கமித்ராவில் நான்கு பெர்த், அதில் இரண்டு லோயர். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா பையில் துணி அடுக்கவே ஆரம்பித்தார். படத்தின் மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது என் கண்ணில் படவில்லை.

அப்பா மின்வாரியத்தில் கணக்குப் பார்த்தவர். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, “பிஎன்ஆர் எங்கேடா?” என்றார். கடைக்காரரிடம் கேட்டால் இதோ அதோ என்றார். கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் இரண்டு பத்து இலக்க எண்களும் கைக்கு வந்தன. ரயில்வே விசாரணை எண்ணான 139-க்கு அனுப்பிப் பார்த்தேன். கங்கா காவேரி வெயிட்டிங் லிஸ்ட் 9. சங்கமித்ரா கேன்சல். என்றைக்கோ கேன்சல்!

48 மணி நேரத்துக்கு முன்பே கேன்சல் செய்ததால், அப்போதிருந்த விதிப்படி எங்கள் வகுப்புக்கு ஆளுக்கு 180 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் பிடித்தார்கள். மற்றதெல்லாம் கடைக்காரருக்குத் திரும்பிவிட்டது. கங்கா காவேரி எப்படியும் கிடைத்துவிடும், அப்புறம் ‘பாதிப் பணம்’ என்று எதையோ கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். முழு டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தால் அதில் ஏஜென்ட் பெயரே இல்லை. ரயில்வே டிக்கெட் இணையதளத்தில் யாரோ ஒருவர் வைத்திருந்த சொந்த ஐடியில் போட்டது. முறையான ஏஜென்ட் போட்ட டிக்கெட்டில் அவர் பெயர் அச்சாகியிருக்கும். கேன்சல் செய்தால் பயணியின் செல்போனுக்கு ஓடிபி வரும். சொந்த ஐடியில் டிக்கெட் போட்டு வியாபாரம் செய்வது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவில் குற்றம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

கங்கா காவேரி கடைசிவரை கன்ஃபார்ம் ஆகவில்லை. சங்கமித்ராவுக்கு முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி தட்கல். பணம் கட்டி முடிப்பதற்குள் போய்விட்டது. 11 மணிக்கு ஸ்லீப்பரில் முயன்றேன். ஆதார் இணைத்த கணக்கு வைத்திருந்ததால் தப்பித்தேன்; முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளால் உள்ளே வர முடியாது. நான்கு பெர்த் கிடைத்தது, இரண்டு பெட்டிகளில். மூட்டு வலிக்காரியான அத்தைக்கு மிடில் பெர்த். ஒன்றரை நாள் பயணம். காட்பாடியில் ஏறி வந்த ஒரு பையன் தன் லோயரை அவருக்குக் கொடுத்தான். அவன் நல்லா இருக்கணும்.

பேக்கப் போடுங்கள், ஆனால் உங்கள் ஐடியில், உங்கள் செல்போன் எண்ணில். கடையில்தான் போட வேண்டுமென்றால் பிஎன்ஆரை வாங்கி, அங்கேயே நின்று 139-இல் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கமிஷனும் ஏசிக்கு ஒரு டிக்கெட்டுக்கு 40 ரூபாய்தான், தலைக்கு 250 இல்லை.

புகார் கொடுத்த பிறகு 11,000 திரும்பி வந்தது. மீதியைக் கேட்டால் “திங்கட்கிழமை சார்” என்கிறார். மூன்று திங்கட்கிழமை போய்விட்டது.