டைட்டானிக்கா, ஈஃபிலா?

லெகோ பிளாஸ்டிக் கட்டைகளில் ராட்சத செட் ஒன்று கட்ட ஆசைப்பட்டால் இந்த இரண்டும்தான் முன்னால் வந்து நிற்கும். 2021-இல் வந்த டைட்டானிக்கில் 9,090 துண்டுகள், நீளம் 135 செ.மீ. அடுத்த வருடம் வந்த ஈஃபில் கோபுரத்தில் 10,001 துண்டுகள், உயரம் 149 செ.மீ. வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

கட்டும் சுகம் டைட்டானிக்கில்தான். கப்பல் மூன்றாகப் பிரியும். உள்ளே கொதிகலன் அறை, பெரிய படிக்கட்டு எல்லாம் தெரியும். புரொப்பல்லரைச் சுற்றினால் எஞ்சின் பிஸ்டன்கள் ஏறி இறங்கும். அதற்காகவே பத்து தடவை சுற்றத் தோன்றும். ஈஃபிலிலோ ஒரே மாதிரிச் சட்டங்கள், திரும்பத் திரும்ப. நான்காவது காலுக்கு வரும்போது கை தானாக ஓடும், மனசு எங்கேயோ போயிருக்கும்.

சரி, தாங்குமா? இங்கே ஈஃபில் கெட்டி. அகலமாக நாலு கால் ஊன்றி நிற்பதால் பாரம் நேராகக் கீழே இறங்கிவிடும். டைட்டானிக்கை இரு முனையிலும் பிடித்து முழுசாகத் தூக்கினால் நடுப்பகுதி வளையப் பார்க்கும், இணைப்புகள்தான் சிரமப்படும். பிரித்துத்தான் நகர்த்த வேண்டும்.

இருந்தாலும் என் ஓட்டு கப்பலுக்கே. ஈஃபிலின் சட்டங்களுக்குள் பிரஷ்ஷை விட்டுத் தூசி தட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.