ஸ்டிக்கரில் 3 ஹெச்.பி., அடியில் 1100 வாட்

வீட்டுப் பட்டறைக்கு ஏர் கம்ப்ரஸர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கம்ப்ரஸர் செய்கிற ஊரான கோயம்புத்தூரில் இருந்துகொண்டே அதில் ஏமாந்தவன் நான். கொல்லன் தெருவிலேயே மொட்டை ஊசி வாங்கி வந்த கதை.

எனக்கு வேலை இரண்டுதான். காற்றில் ஓடுகிற எஃப்30 கன்னில் ஆணி அடிக்க வேண்டும், தேக்கில் செய்த அலமாரிக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் ஸ்பிரே அடிக்க வேண்டும். கடைக்காரரிடம் இதைச் சொல்லித்தான் கேட்டேன். "மூணு ஹெச்.பி., அம்பது லிட்டர், ஏழு சி.எஃப்.எம். உங்க வேலைக்கு இதே ஜாஸ்திங்க சார்" என்றார். சி.எஃப்.எம். என்றால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்கிற கணக்கு. விலை ரூ.17,500. பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 பர்சென்ட் ஏறுங்க. வாரண்டிக்குத்தான் நான் இருக்கேனே" என்றார். எஸ்டிமேட் சீட்டை வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். முக்கால்வாசி ஏமாந்தது அங்கேதான்.

ஆணி ஜம்மென்று இறங்கியது. ஒரு ஆணிக்குப் போகிற காற்று கொஞ்சம்தான், எந்தச் சின்ன மிஷினும் அதைத் தாங்கும். வினை ஸ்பிரேயில் வந்தது. ஒரு கதவு முடிவதற்குள் பிரஷர் காட்டுகிற முள் 8 பாரில் இருந்து 3க்கு இறங்கிவிடும். புகை மாதிரி வந்த பாலிஷ் துளித்துளியாகத் துப்ப ஆரம்பிக்கும். பிரஷர் ஏறும்வரை காத்திருந்து மறுபடி அடித்தால், முன்பு அடித்த ஓரம் காய்ந்து கோடு விழுந்திருக்கும். மூன்று கதவும் ஆரஞ்சுத் தோல் ஆயிற்று. மதியம் முழுக்கத் தேய்த்தேன்.

பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்தார். "கன்னு மேல குத்தமில்ல தம்பி, காத்து பத்தல. மோட்டார் தகட்டப் படிச்சியா?" என்றார். மோட்டாரின் பவரைப் பொறித்திருக்கும் தகட்டைக் காணோம். '3 HP' என்ற பளபள ஸ்டிக்கரை அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். நகத்தால் உரித்தால் அடியில் 1100 வாட். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட், அப்படியானால் இது ஒன்றரைகூட முழுசாக இல்லை.

சந்தேகம் வந்தபின் விட மனம் வரவில்லை. டேங்கைச் சுற்றி நூல் பிடித்து அளந்தேன். விட்டம் 24 செ.மீ., நீளம் 75 செ.மீ. முனை வளைவைக் கழிக்காமலே 34 லிட்டர்தான் வருகிறது. அடுத்து, காலி டேங்க் 8 பார் ஏற எவ்வளவு நேரம் என்று போனில் ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று நிமிடம். ஒவ்வொரு பார் ஏறவும் ஏறக்குறைய ஒரு டேங்க் அளவு வெளிக்காற்று உள்ளே போக வேண்டும்; 34ஐ 8ஆல் பெருக்கினால் 272 லிட்டர் காற்று, நிமிடத்துக்குச் சுமார் 90 லிட்டர். ஒரு சி.எஃப்.எம். 28.3 லிட்டர் என்பதால் கையில் கிடைப்பது மூன்றுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஏழு என்பது பிஸ்டன் இழுக்கிற கணக்காக இருக்கலாம். கன்னுக்கு வந்து சேருகிற காற்றுக்கு எஃப்.ஏ.டி. என்று பெயர். கடையில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

என் மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரே கன் அட்டையில் 9 சி.எஃப்.எம். வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரர் சொன்ன ஏழு நிஜமாகவே இருந்திருந்தாலும் பத்தியிருக்காது.

பயமுறுத்தியது வேறு. சேஃப்டி வால்வு வளையத்தை இழுத்துப் பார்த்தேன், அசையவே இல்லை. மோட்டாரை நிறுத்துகிற பிரஷர் சுவிட்ச் ஒருநாள் கட் ஆகாமல் போயிருந்தால் டேங்க் என்ன ஆகியிருக்கும்? அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். புது வால்வு மாட்டாமல் தொடுவதாக இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "இம்போர்ட் மோட்டாருங்க சார், அதுல 1100ன்னா நம்மூர்ல மூணு ஹெச்.பி.ங்க" என்றார், முகம் மாறாமல். நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம் என்று வீட்டுக்கு வந்து சீட்டைத் தேடி எடுத்தேன். 'மிஷின் – 1, 17,500' என்று பேனாவில் எழுதியிருந்தது. கடைப் பெயர்கூட அதில் இல்லை.