கன்னிமாரா நூலகத்தில் கன்னிமாரா பிரபுவைத் தேடுவோருக்கு

எழும்பூர் பாந்தியன் சாலை, அருங்காட்சியக வளாகம். கன்னிமாரா என்ற பெயரைக் கேட்டால் கன்னிமார் சாமி நினைவு வரும். உண்மையில் அது அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு பகுதி. அதைப் பட்டமாகச் சூடியவர் ராபர்ட் போர்க், 1886 முதல் 1890 வரை சென்னை கவர்னர்.

இவரைப் பற்றித் தேடுவோர் இடறும் இடமும் இந்தப் பட்டம்தான். 1887இல்தான் பிரபு ஆனார். அதற்கு முந்தைய பதிவுகளுக்கு, அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கிங்ஸ் லின் தொகுதி உறுப்பினர், வெளியுறவுத் துணை அமைச்சர் காலத்துக்கு, 'போர்க்' என்று தேட வேண்டும்; பிந்தையவற்றுக்குக் 'கன்னிமாரா'. ஒரே பெயரில் தேடினால் பாதி வாழ்க்கை கைக்கு வராது. அந்தமானில் 1872இல் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ இவருடைய அண்ணன். அவரும் போர்க்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நூலகத்துக்கு 1890 மார்ச்சில் கன்னிமாரா அடிக்கல் நாட்டினார்; 1896 டிசம்பரில் திறந்தபோது பதவியில் இல்லை. ஹென்றி இர்வின் வடிவமைத்த பழைய கூடத்தின் தேக்கு வேலைப்பாடும் வண்ணக் கண்ணாடியும் தனி அழகு.

1954 சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதியைப் பெறும் நான்கு நூலகங்களில் இது ஒன்று. சேகரிப்பின் பலம் அதுதான். ஆனால் மாற்றமில்லாத மறுபதிப்புகளைப் பதிப்பாளர்கள் அனுப்பத் தேவையில்லை. அதனால் முதல் பதிப்பின் ஆண்டைக் குறித்துக்கொண்டு போங்கள். கவர்னரின் அரசாணைகளுக்கு எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஆவணக் காப்பகம்தான் சரியான இடம்.