சாம்பியா சுரங்க வேலைக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எட்டு ஆண்டு வேலை பார்த்தவன் நான். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் தரும் முதல் வகுப்பு மேலாளர் சான்றிதழும் கையில் இருந்தது. இது போதும், சாம்பியாவின் கிட்வே நகரில் தாமிரச் சுரங்கத்தில் திட்டமிடல் பொறியாளர் வேலை, மாதம் 3,000 டாலர் என்றார் சென்னை முகவர். கேட்டது இரண்டே முக்கால் லட்சம். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தேன்.

ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கைதான் சார் முக்கியம்" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். அரசிடம் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர ஒரு காசு வாங்கக் கூடாது. பதிவு எண்ணை மத்திய அரசின் ஈமைகிரேட் இணையதளத்திலேயே பார்க்கலாம். இந்த ஆளுக்குப் பதிவே கிடையாது.

ஒப்பந்தத்தைப் புறப்படும் இரவில், விமான நிலைய வாசலில்தான் நீட்டினார். பன்னிரண்டு பக்கம். ஒரு காரின் முன்மூடி மேல் வைத்து, படிக்காமல் கையெழுத்திட்டேன். விசாவில் வணிகப் பயணம் என்றிருந்தது. "போனதும் மாற்றிவிடுவார்கள்" என்றார்.

சாம்பியாவின் என்டோலா விமான நிலையத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழையும் வேலை அனுமதிக்கு (பெர்மிட்) என்று ஒருவர் வாங்கிக்கொண்டார். போய்ச் சேர்ந்தது ஒரு சிறு ஒப்பந்த நிறுவனத்தில். துளையிடும் ஆட்களுக்கு இரவு ஷிப்ட் மேற்பார்வை. மேற்கூரைப் பாறை சரியாமல் தாங்கும் ரூஃப் போல்ட் அடிக்காத இடத்தில் ஆட்களை இறக்கச் சொன்னார்கள். மறுத்தேன். "உனக்கே பெர்மிட் இல்லை, யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்றான் மேலாளர். அந்த நாட்டுப் பொறியாளர் கழகத்தில் பதியாமல் அங்கே பொறியாளர் வேலை பார்க்கக் கூடாது. அதையும் யாரும் செய்து தரவில்லை. மாட்டினால் குற்றவாளி நான்தான்.

இளம் சுரங்கப் பொறியாளர்களே, வேலை அனுமதி உங்கள் பெயரில் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள். முதல் வகுப்புச் சான்றிதழின் அசலை எவரிடமும் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

சாம்பியத் தலைநகர் லுசாகாவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு (ஹை கமிஷன்) எழுதிய பிறகே பாஸ்போர்ட் திரும்பி வந்தது. சான்றிதழ் வரவில்லை. பணமும் வரவில்லை. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியிடம் புகார் கொடுத்திருக்கிறேன்.

சென்ற வாரம் அந்த முகவரின் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் வேறு பெயர்ப் பலகை. ஆஸ்திரேலியாவின் பில்பாரா இரும்புச் சுரங்கங்களுக்கு ஆள் எடுப்பதாக எழுதியிருந்தது. கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு நான்கு பையன்கள் காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். இருவர் என்னோடு எழுந்து வந்தார்கள்.