கல்லூரி வராந்தாவுக்கு ஆத்தங்குடிக் கல்: எங்கே போடலாம், எங்கே கூடாது

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்தான் ஆத்தங்குடிக் கல். வராந்தா, நூலகம், முதல்வர் அறை மூன்றுக்கும் இதைத் தயங்காமல் வாங்கலாம். வேதியியல் ஆய்வகத்துக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். இது சூளையில் சுட்ட ஓடு இல்லை, சிமெண்ட். அமிலம் ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் அரித்து வெளுத்துவிடும். 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கிய வள்ளல் அழகப்பச் செட்டியார், 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையும் அதே ஊருக்குக் கொண்டுவந்தார். கல்லூரியும் ஆய்வகமும் உள்ள ஊர் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறோம்.

பட்டறையில் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் வண்ணச் சிமெண்ட் கரைசலைப் பூ வாரியாக ஊற்றுவார்கள். மேலே உலர்ந்த மணல் சிமெண்ட், அதற்கும் மேல் ஈரச் சாந்து. பிறகு தண்ணீர்த் தொட்டி, வெயில். பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுப்பது. கண்ணாடியில் கீறல் இருந்தால் ஒவ்வொரு கல்லிலும் அதே கீறல் விழும். ஆகவே பத்துக் கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டை மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் தொட்டியிலிருந்து சீக்கிரம் எடுத்த கல் அது.

10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144. 100 அடி நீளம், 8 அடி அகல வராந்தாவுக்கு 1,152 கல். வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 1,210 சொல்லுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்குவது முக்கியம். கையால் கலக்கும் வண்ணம், அடுத்த ஈடு அதே சிவப்பாக வராது.

கெட்டுப்போவது பெரும்பாலும் பதிக்கும்போதுதான். கல்லைத் தண்ணீரில் நனைக்காமல் பதித்தால் சாந்தின் ஈரத்தைக் கல் உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பு இருக்காது. கல்லுக்குக் கல் கொஞ்சம் கனம் மாறும். அதைச் சாந்திலேயே சரிசெய்யும் கொத்தனார் வேண்டும். இரும்புச் சுத்தியல் கூடாது, மரக்கட்டை போதும். மேலே சிந்திய சிமெண்ட் பாலை அப்போதே துடைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவினால் தரை அன்றைக்கே போச்சு. இந்தத் தவறு கல்லூரி வேலைகளில் அடிக்கடி நடக்கிறது, பார்க்கவே மனசு வலிக்கும்.

பழைய சுவர் அடியில் ஓதம் ஏறியிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உப்பு மேலே வந்து வெள்ளை பூக்கும். மழை நேரே விழும் முற்றத்துக்குக் கருங்கல்தான். செட்டிநாட்டு வீடுகளிலும் பூக்கல் வளவோடு, அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தோடு, நின்றுவிடும், அந்தக் கணக்கை மீறாதீர்கள்.

பராமரிப்பு எளிது: தினமும் ஈரத்துணி, அவ்வப்போது அந்தத் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். மாணவர்கள் நடக்க நடக்க மெருகு ஏறும். மிச்சமாகும் கல்லைத் தூக்கிப் போடாமல், எந்த வராந்தாவுக்கு உரியது என்று எழுதிப் பண்டக அறையில் நிறுத்தி வையுங்கள்.