கடமான் தடம் பார்க்கச் சதுப்பில் இறங்க எந்த பூட் நல்லது? கம்பூட், ரப்பர் பூட், கேன்வாஸ் பூட், அட்டை சாக்ஸ்

நீலகிரியில் மான் தடம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். 6,000, 8,000 ரூபாய் கொடுத்து ‘வாட்டர்புரூஃப்’ ட்ரெக்கிங் ஷூ வாங்குகிறார்கள். முக்குருத்திப் பக்கமோ மேல் பவானிப் பக்கமோ பள்ளத்துச் சதுப்பில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே கணுக்கால் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். நீரை உள்ளே விடாத துணி, போன நீரை வெளியேயும் விடாது. மீதி நாள் முழுக்கக் காலை ஊறவைத்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். அந்த இடத்துக்குச் சரியான சாமான் ஊட்டி, கூடலூர், கோத்தகிரி கடைகளில் தேயிலைத் தோட்ட வேலைக்காக அடுக்கிவைத்திருக்கும் முழங்கால் உயர பி.வி.சி. கம்பூட். விலை ஏறக்குறைய 500 ரூபாய். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது, எல்லா இடத்துக்கும் போடவும் கூடாது.

முதலில் ஒன்று. இங்கே சொல்வது தடம் பார்ப்பதற்கும் கணக்கெடுப்புக்கும் மட்டும். மான் வேட்டை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உதிர்ந்து கிடக்கும் கொம்பைக்கூட எடுத்து வரக்கூடாது. வேட்டைக்கு வரம்பு கட்ட 1879-லேயே தனிச் சட்டம் போட்ட மலை இது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியோடும் வேட்டைத் தடுப்புக் காவலரோடும்தான் போக வேண்டும். அவர் காலில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

மேல் நீலகிரிப் பள்ளங்களின் சேறு வயல் சேறு மாதிரி அல்ல. குளிரும் தேங்கிய நீரும் சேர்ந்து புல்லையும் வேரையும் மக்கவிடாமல் அடுக்கடுக்காகச் சேர்த்துவைத்த கரிச்சேறு அது. இங்கே எடுத்த மாதிரிகளை வைத்து 20,000 ஆண்டுக் காலத் தட்பவெப்ப வரலாற்றையே ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். மேலே கோரையும் பாசியும் பின்னிய ஒரு மெத்தை, கீழே கருப்புக் கூழ். அகலமான, தட்டையான அடிப்பாகம் உள்ள பூட் அந்த மெத்தைமேல் நிற்கும். குதிகால் கூர்மையாக இறங்கும் ஷூ மெத்தையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். அதனால் கடையில் பூட்டைக் கவிழ்த்து அடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பற்கள் ஒன்றுக்கொன்று விரலகலமாவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமான வளைகோடு போட்ட அடியில் கரிச்சேறு அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் ஈரப் பாறைமேல் காலை வைத்ததும் வழுக்கும். அகலப் பல் என்றால் நடக்க நடக்கச் சேறு தானாக உதிரும். இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் போன்ற அயல் புதர்களின் விதைகள் அடிச்சேற்றில் ஒட்டி அடுத்த பள்ளத்துக்குப் போகும். அகலப் பல்லை ஒரு குச்சியால் ஒரு நிமிடத்தில் சுரண்டிவிடலாம். ஒரு சதுப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கம்பூட்டுக்குக் கயிறு கிடையாது. காலைப் பிடித்துவைப்பது பாதத்தின் மேல்வளைவும் குதிகாலும் மட்டுமே. ‘இரண்டு சாக்ஸ் போடணும், ரெண்டு சைஸ் பெரிசா குடுங்க’ என்று வாங்கினால் உளைச்சேறு பூட்டைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும். காட்டுக்குப் போடப் போகும் சாக்ஸையே கடைக்கும் போட்டுக்கொண்டு போங்கள். காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு நுழையக்கூடாது. மேல்வாய் கெண்டைக்காலோடு பேன்ட்டையும் சேர்த்து ஏற்கிற அளவு அகலமாக இருக்கட்டும். இரும்பு முனை வைத்தது வேண்டாம். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் விரல் விறைக்கும், எடையும் கூடும். சாதா ஜோடியே 2 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். பூட்டுக்குள் போட்டுத் தரும் காகித அட்டையை எடுத்துவிட்டு, 5 மி.மீ. கனமுள்ள ஃபெல்ட் அல்லது ஃபோம் உள்ளடியை வெட்டிப் போடுங்கள். குளிர் அடியிலிருந்துதான் ஏறும்.

பூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் சத்தத்தைச் சொல்வதே இல்லை. மான் பார்க்கப் போகிறவருக்கு நீர் புகாமல் இருப்பதைவிடச் சத்தம் வராமல் இருப்பது முக்கியம். கடமானுக்குக் காதும் மூக்கும் கண்ணைவிடக் கூர்மை. கம்பூட்டின் குறை இங்கேதான். வாய் அகலமாக இருந்தால் அடிக்கு அடி கெண்டைக்காலில் ‘தொப் தொப்’ என்று அடிக்கும். பேன்ட்டை வெளியே விட்டால் பி.வி.சி.மேல் துணி உரசும். பேன்ட்டை உள்ளே விட்டு, வாய்க்குக் கீழே ஒரு பழைய சைக்கிள் டியூப் வளையத்தை மாட்டினால் இரண்டும் நிற்கும். சேற்றிலிருந்து காலை எடுக்கும்போது வரும் ‘சளக்’ இன்னும் மோசம். நேராக மேலே இழுத்தால் அது கட்டாயம் வரும். குதிகாலை முதலில் மெல்லத் தூக்கி, பாதத்தைக் கொஞ்சம் திருப்பி, காற்று உள்ளே போக இடம் கொடுத்துவிட்டு நுனியை உருவுங்கள். பூட்டும் கழலாது, சத்தமும் எழாது. புது பி.வி.சி.யின் வாடையும் ஒரு தொல்லை. வாங்கியதும் ஒரு வாரம் நிழலில் காற்றாட விட்டுவிட்டுப் போடுங்கள். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். அப்போது ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் போவது நல்லது. வெயில் ஏறியதும் காற்று திரும்பிவிடும், வழியையும் மாற்ற வேண்டும். கவனிக்காவிட்டால் ‘டாங்க்’ என்று ஒரு கடமான் எச்சரிப்பதோடு அந்தப் பள்ளத்தில் அன்றைய வேலை முடிந்தது.

எந்த பூட் போட்டாலும் எங்கே கால் வைப்பது என்பதை மானின் குளம்பே சொல்லும். கடமான் தடம் 7, 8 செ.மீ. நீளம் இருக்கும், புள்ளிமானுடையது 5 செ.மீ. அளவு, கேளையாடு என்கிற சின்ன மானுடையது அதைவிடச் சிறியது. கெட்டித் தரையில் இரண்டு குளம்பு மட்டும் பதியும். தடத்துக்குப் பின்னே இரண்டு சின்னப் பொட்டுக்குழி தெரிந்தால், பாதத்துக்குப் பின்னே சற்று மேலே இருக்கும் பின்குளம்பு படும் அளவுக்குக் கால் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதே தடத்தில் முன்னே இருக்கும் இரண்டு குளம்பும் விரிந்திருந்தால் இன்னும் ஆழம். அங்கே நம் பூட் முழங்கால் வரை போகும். ஓரமாகக் கோரைக் குத்துகள்மேல், காட்டுப்பூவரசு நிற்கும் மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். தடத்தின் ஓரம் கூர்மையாக, உள்ளே ஊறும் நீர் இன்னும் கலங்கலாக இருந்தால் மான் இப்போதுதான் போயிருக்கிறது. நீர் தெளிந்து, ஓரம் சரிந்திருந்தால் நேரமாகிவிட்டது. காட்டுப்பன்றித் தடத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. பன்றிக்குப் பின்குளம்பு ஓரளவு கெட்டித் தரையிலும் பதியும், இரண்டும் வெளிப்பக்கமாக அகன்று நிற்கும். ஒன்றரை மீட்டர் மூங்கில் கம்பு ஒன்று கையில் இருக்கட்டும். குத்திப் பார்த்து முழங்கால் அளவுக்கு மேல் இறங்கினால் திரும்பிவிடுவதே நல்லது.

இயற்கை ரப்பர் பூட் இரண்டு, மூன்று மடங்கு விலை. அந்த வித்தியாசம் குளிரில் தெரியும். உறைபனியில் பி.வி.சி. விறைத்து, கணுக்கால் மடிப்பு கட்டைபோல நிற்கும். ரப்பர் மடங்கிக் கொடுக்கும், சத்தமும் குறைவு. வருடத்தில் இரண்டு முறை கணக்கெடுப்புக்குப் போகிறவருக்குப் பி.வி.சி.யே போதும். வாரம்தோறும் சதுப்பில் நிற்கும் ஆய்வு மாணவர் ரப்பருக்குப் பணம் கொடுக்கலாம். வாங்கும்போது கணுக்காலை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ அது பழைய சரக்கு. வீட்டுக்கு வந்ததும் கணுக்கால் வரை தண்ணீர் ஊற்றி, வெளியே துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் செய்தித்தாள்மேல் நிறுத்திவையுங்கள். காகிதம் நனைந்தால் அன்றே கடைக்குத் திரும்பிப் போங்கள்.

முதுமலைக்கு இந்தக் கணக்கே வேறு. தெப்பக்காடு, கார்குடிப் பக்கத்தில் ‘வயல்’ என்று சொல்லும் சதுப்புப் புல்வெளிகளும் மாயாற்றின் கரைத் தாழ்வுகளும் புள்ளிமானுக்கும் கடமானுக்கும் மேய்ச்சல், யானைக்கும் அதுவே மேய்ச்சல். கம்பூட் போட்டு ஓட முடியாது. ஓடினால் கணுக்கால் பிசகும், இல்லையென்றால் பூட் கழன்று ஆள் விழுவார். காவலர் ‘ஓடு’ என்றால் ஓடியாக வேண்டிய இடம் அது. அங்கே கயிறு கட்டும் கேன்வாஸ் ஜங்கிள் பூட்டைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டோம். அது நனையும், நனையட்டும். பக்கவாட்டில் இரண்டு சின்னத் துளை இருந்தால் நீர் வெளியேறிவிடும். 2 கி.மீ. கோட்டில் நடந்து மான் எண்ணும் வேலைக்கு அதன் மெல்லிய அடியும் குறைந்த சத்தமும் தோதானவை. உண்ணிக்கடிக்கு மட்டும் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, கம்பூட் போட்டால் ஏறாது என்று. வழுவழுப்பான பி.வி.சி.யில் அது தாராளமாக ஏறும், வாய் வழியாக உள்ளே இறங்கும். உள்ளே போனபின் நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சோலை ஓரமாகப் போகிறவர்களுக்கு அட்டை சாக்ஸ் கட்டாயம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் தைத்தது, முழங்காலுக்குக் கீழே நாடா போட்டுக் கட்டுவது, 300, 400 ரூபாய்க்குள் கிடைக்கும். பேன்ட்டுக்கு மேலே, பூட்டுக்கு உள்ளே போட வேண்டும். பின்னலாடைச் சாக்ஸ் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அதன் கண்ணி வழியே அட்டை நுழையும். வாங்கும்போது துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள், புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் வேண்டாம். வெளிர் நிறமாக எடுத்தால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மூக்குப்பொடியும் உப்பும் கலந்து பூசும் வழக்கம் மழை வரும்வரைதான் பலிக்கும், அதோடு புகையிலை வாடை மானுக்கு முன்கூட்டியே செய்தி சொல்லிவிடும். கடித்துவிட்டால் பிய்க்க வேண்டாம். ஒடுங்கிய வாய்ப்பக்கம் நகத்தைக் கொடுத்துத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டுப் போவதால் கொஞ்ச நேரம் கசியும், துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

பராமரிப்பில் பி.வி.சி.யைக் கெடுப்பது நெருப்பு. கணப்புப் பக்கத்தில் காயவைத்தால் வாய் கோணிக்கொள்ளும், சீக்கிரம் விறைத்து வெடிக்கும். செய்தித்தாளைத் திணித்து, நனைந்ததும் மாற்றி, இரண்டு குச்சிமேல் கவிழ்த்துவையுங்கள். வெடிப்பு எப்போதும் கால்விரல் மடங்கும் இடத்தில்தான் முதலில் வரும். ரப்பர் பூட் என்றால் சைக்கிள் கடைப் பஞ்சர் பேட்ச் ஒட்டும். பி.வி.சி.யில் அது இரண்டே நாளில் உரிந்துவிடும். பைப்புக்குப் போடும் பசையும் சரிவராது, காய்ந்ததும் கல்லாகி, மடங்கும்போது பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். காற்றடைக்கும் மெத்தைக்கும் மழைக்கோட்டுக்கும் விற்கும் நெகிழும் பி.வி.சி. பசையை வாங்கி, பழைய மழைக்கோட்டுத் துண்டை வட்டமாக வெட்டி ஒட்டி, ஒரு நாள் முழுக்கப் பாரம் வைத்து அழுத்துங்கள். மூலை உள்ள சதுரத் துண்டாக வெட்டினால் மூலையிலிருந்து உரியத் தொடங்கும்.